பிஷப் சிகமோர்: அணி வந்தது, பள்ளிக்கூடம் எங்கே?

நெல்லைக்காரன் கேட்டது, 30 ஆகஸ்ட் 2021

நேற்று அமெரிக்க விளையாட்டுச் சேனல் ஈஎஸ்பிஎன்னில் ஒரு பள்ளி ஃபுட்பால் ஆட்டம். 58-0. தோற்ற அணியான பிஷப் சிகமோருக்குப் பள்ளிக்கூடமே கிடையாது என்று ட்விட்டரில் சிரியோ சிரி என்று சிரிக்கிறார்கள். போலி அணி என்றால் புரிகிறது. ஒரு பள்ளிக்கூடம் முழுக்க எப்படிப் போலியாக இருக்க முடியும்? அமெரிக்காவில் இதையெல்லாம் பார்க்க ஆளே இல்லையா? ஒஹாயோக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.

30 ஆகஸ்ட் 2021, இரவு

ஒஹாயோக்காரன் நான்தான். கொலம்பஸ் புறநகர். ஆட்டத்தை நேற்று பாதி பார்த்தேன். பையன் பத்தாம் வகுப்பு, அவனும் பள்ளி அணியில் இருக்கிறான் (பெஞ்சில்), அதனால் ஞாயிறு மதியம் வீட்டில் டிவி அவன் கையில். இங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, ஆள்மேல் ஆள் மோதுகிற அமெரிக்க ஆட்டம். மெஸ்ஸியை இங்கே இழுக்க வேண்டாம்.

ஜெயித்தது ஃபுளோரிடா பிரேடன்டனில் இருக்கும் ஐஎம்ஜி அகாடமி. விளையாட்டுக்கென்றே நடக்கும் தங்கும் பள்ளி, நாடு முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த பையன்கள். அவர்களிடம் 58-0 தோற்பதில் அதிசயம் இல்லை. பள்ளியே இல்லை என்பது ட்விட்டர் மிகைப்படுத்தல் என்று நினைக்கிறேன். இந்த ஊரில் பிஷப் என்று பெயர் ஆரம்பித்தாலே கத்தோலிக்கப் பள்ளி: பிஷப் ஹார்ட்லி, பிஷப் வாட்டர்சன், பிஷப் ரெடி. பிஷப் சிகமோரும் அதுபோல ஏதோ சின்னப் பள்ளி, தகுதிக்கு மீறி டிவியில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

31 ஆகஸ்ட், காலை

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கத்தோலிக்கமும் இல்லை, சின்னப் பள்ளியும் இல்லை. தேடியதில் முகவரி என்று கிடைப்பது ஒரு தபால் பெட்டி எண். முன்பு கொடுத்த முகவரிகளில் ஒன்று கொலம்பஸில் இருக்கும் ஒரு உள்ளரங்கப் பயிற்சிக்கூடம். இணையதளத்தில் ஆசிரியர் பெயர் ஒன்றுகூட இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இல்லாமல் இருக்கலாம், அது நம் ஊரிலும் உண்டு. கட்டடமே இல்லை என்றால்?

இருபது வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். பெயரின் முதல் சொல்லைப் பார்த்தே நான் ஏமாந்தேன் என்றால் கனெக்டிகட்டில் உட்கார்ந்திருக்கும் ஈஎஸ்பிஎன்காரன் ஏமாந்ததில் என்ன ஆச்சரியம்?

31 ஆகஸ்ட், இரவு

ஒஹாயோ கவர்னர் மைக் டிவைன் விசாரிக்கச் சொல்லிவிட்டார். பயிற்சியாளர் ராய் ஜான்சனை நீக்கிவிட்டதாகப் பள்ளியை நடத்தும் ஆண்ட்ரே பீட்டர்சன் சொல்லியிருக்கிறார். இது மோசடி இல்லை, என் சொந்த மகனே இந்த அணியில் ஆடுகிறான் என்பது பீட்டர்சனின் வாதம். இனி இவர்களுடன் ஆட வேண்டிய அணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன.

"வர்ணனையாளர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்" என்று கேட்டவருக்கு: உண்மையில் அந்த வரிசையில் வேலையைச் செய்தது அவர்கள்தான். இரண்டாம் கால்பகுதியில் அனிஷ் ஷ்ராஃப் நேரலையிலேயே போட்டு உடைத்தார். பெரிய கல்லூரிகள் கண்வைத்திருக்கும் வீரர்கள் நிறையப் பேர் எங்களிடம் உண்டு என்று பள்ளி சொன்னது, எங்களால் அதைச் சரிபார்க்க முடியவில்லை, இந்தப் பையன்களின் உடல்நிலையை நினைத்தால் கவலையாக இருக்கிறது என்கிற அர்த்தத்தில். அதைக் கேட்டுத்தான் என் பையன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான். பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பத்து நிமிடம் ஆனது.

2 செப்டம்பர்

இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கிய விஷயம். ஞாயிறு ஆட்டம் ஆகஸ்ட் 29. அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை 27 அன்று, இதே அணி பென்சில்வேனியாவின் ஸ்டோ-ராக்ஸ் பள்ளியுடன் ஆடி 19-7 என்று தோற்றிருக்கிறது. மூன்று நாளில் இரண்டு ஆட்டம்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. பையன் போன வருடம் ஒரே ஒரு ஆட்டத்தில் கடைசி எட்டு நிமிடம் இறங்கினான். மறுநாள் சனிக்கிழமை மாடியிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி வந்தான். அவன் அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்று வைத்திருப்பது டிக்கெட் விற்பதற்காக இல்லை. இந்தப் பையன்களோ வெள்ளிக்கிழமை முழு ஆட்டம் ஆடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒஹாயோவின் கேன்டனில் நாட்டிலேயே கனமான பள்ளி அணியின் முன்னால் நின்றிருக்கிறார்கள். ஹெல்மெட் போதாமல் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதாகவும் செய்தி.

ஆட்டத்தை ஏற்பாடு செய்தது பாராகன் மார்க்கெட்டிங் என்ற நிறுவனம். அதன் தலைவர் ரஷீத் காஸி, வெள்ளிக்கிழமை ஆடியது தெரிந்திருந்தால் ஆட்டத்தையே ரத்து செய்திருப்போம் என்கிறார். ஸ்டோ-ராக்ஸ் ஆட்டம் ரகசியமாகவா நடந்தது? விளக்குப் போட்டு, கூட்டம் கூடி, ஸ்கோர் போட்டு நடந்தது.

ஈஎஸ்பிஎன் சொல்வது: எங்கள் பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலானவற்றைப் பாராகன்தான் ஏற்பாடு செய்கிறது, நடந்ததற்கு வருந்துகிறோம், அவர்களிடம் பேசிவிட்டோம். சேனல் ஏஜென்சியை நம்பியது. ஏஜென்சி பள்ளியை நம்பியது. பள்ளி இல்லை. குளத்தை நிரப்ப ஆளுக்கொரு குடம் பால் ஊற்றச் சொன்ன ராஜா கதைதான். விடிந்து பார்த்தால் குளம் முழுக்கத் தண்ணீர்.

3 செப்டம்பர்

ஆமாம், போன வருடமும் இவர்கள் ஐஎம்ஜியுடன் ஆடினார்கள். 56-6. சுட்டிக்காட்டியவருக்கு ஒரு காபி கடன். அப்போது ஆறு புள்ளியாவது எடுத்தார்கள்.

5 செப்டம்பர்

நெல்லைக்காரன் மறுபடி கேட்கிறார்: "சரி, அரசாங்கம் எங்கே போயிற்று?" உட்கார்ந்து படித்ததைச் சொல்கிறேன்.

ஒஹாயோவில் ஒருவகைப் பள்ளி உண்டு. மத நம்பிக்கை காரணமாக அரசின் அங்கீகாரமும் வேண்டாம், அரசின் பணமும் வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பவை. விதி எண்ணை வைத்து பூஜ்யம்-எட்டுப் பள்ளிகள் என்பார்கள். கார் ஓட்டாமல் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவர்களான ஆமிஷ் சமூகத்தார் நடத்தும் பள்ளிகள் பல இந்த வகைதான். வருடத்துக்கு ஒருமுறை, குறைந்தபட்ச விதிகளைப் பின்பற்றுகிறோம் என்று பள்ளியே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் கல்வித்துறைப் பட்டியலில் பெயர் ஏறும். பிஷப் சிகமோரின் பெயர் 2020-21 பட்டியலில் இருந்தது. போய்ப் பார்த்து எழுதிய பெயர் இல்லை, சொன்னதைக் கேட்டு எழுதிய பெயர். பிள்ளைகளின் பெயர், வயது, வீட்டு முகவரியை அந்தந்த வட்டாரத்துப் பொதுப்பள்ளி நிர்வாகத்துக்குத் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. பட்டியல் வரவில்லையே என்று கேட்க யார்? வராத கடிதத்தை எந்தக் குமாஸ்தா தேடுவார்?

பள்ளி விளையாட்டுக்கு என்று மாநிலச் சங்கம் தனியாக இருக்கிறது, ஒஹாயோ உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம். பிஷப் சிகமோர் அதில் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாதவரிடம் வயதுச் சான்று கேட்கச் சங்கத்துக்கு உரிமை கிடையாது.

இப்போது என் புலம்பல். பையன் பெஞ்சில் உட்கார நான் போன ஜூலையில் கொடுத்த காகிதங்கள்: மருத்துவர் கையெழுத்துடன் உடற்தகுதிப் படிவம், தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்பதைப் படித்தேன் என்று ஒரு கையெழுத்து, திடீரென்று இதயம் நின்றுபோவது பற்றிய தாளைப் படித்தேன் என்று இன்னொரு கையெழுத்து, காப்பீட்டு எண், அவசரத்துக்கு இரண்டு போன் எண். போன பருவத்தில் ஐந்து பாடத்துக்குச் சமமாகத் தேறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீருடை கிடையாது. நாங்கள் வீடு மாறிய வருடம் தண்ணீர் பில்லும் வாடகை ஒப்பந்தமும் காட்டச் சொன்னார்கள். பில் என் பெயரில், ஒப்பந்தம் மனைவி பெயரில், அதற்கு ஒரு நாள் அலைந்தேன். ஆட்டத்தில் இறங்காத ஒரு பையனுக்கு இத்தனை.

உள்ளே வந்து நின்றவனைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். வெளியிலேயே நின்றுகொண்டவனைக் கேட்க ஒருவரும் இல்லை. சோதனை மொத்தமும் வாசலில். சுவரே இல்லாத பக்கம் வழியாக ஒரு அணி பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டது.

5 செப்டம்பர், சற்றுப் பிறகு

மேலே எழுதியதில் ஒரு அவசரம். சங்கத்தில் ஒருவருமே கவனிக்கவில்லை என்று தொனிக்கிறது. அது தப்பு. அங்கே அதிகாரியாக இருந்த பென் ஃபெரீ என்பவர் 2018-லிருந்தே இந்த ஆட்களைத் துருவி வந்திருக்கிறார். அப்போது பெயர் வேறு: கிறிஸ்டியன்ஸ் ஆஃப் ஃபெய்த் அகாடமி. ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையின் பெயரைச் சொல்லித் தொடங்கினார்கள், திருச்சபை பிறகு கைகழுவிவிட்டது. அதே ராய் ஜான்சன். ஐஎம்ஜி மாதிரி ஒரு பள்ளி என்று பையன்களிடம் சொல்லி, ஒரு ஓட்டலில் தங்கவைத்து, 1,10,000 டாலருக்கு மேல் பாக்கி வைத்து, வழக்கில் தீர்ப்பும் வந்திருக்கிறது. கடை மூடிய மறுவருடமே, 2019-ல், புதுப் பெயர்ப் பலகை.

ஆக, தெரிந்த ஆள் இருந்தார். அவர் கையில் இருந்தது கோப்பு, அதிகாரம் இல்லை.

6 செப்டம்பர்

"எதிர் அணிகளுக்குமா தெரியாது?" நல்ல கேள்வி, எனக்கும் அதே கோபம். ஆகஸ்ட் 19 அன்று ஆக்ரனின் ஆர்ச்பிஷப் ஹோபன் பள்ளி இவர்களை 38-0 அடித்தது. ஹோபன் நிஜப் பள்ளி, நிஜக் கத்தோலிக்கம், என் கொள்கை அங்கேயாவது பலித்தது. என் ஊகம்: அட்டவணையில் ஒரு வெள்ளிக்கிழமை காலியாக இருந்தால் பயிற்சியாளர்களுக்குத் தூக்கம் வராது. கொரோனா வருடத்தில் ஆட ஆள் கிடைத்தாலே போதும் என்றிருந்தது. வருகிறேன் என்பவனிடம் உன் பள்ளியில் நூலகம் உண்டா என்று யார் கேட்பார்கள்?

11 செப்டம்பர்

இதை எழுதலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். மேலே நான் பெரிய நியாயவானாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், அது உறுத்துகிறது.

1990-களின் நடுவில், பிளஸ் டூ முடித்துவிட்டு நான் சும்மா சுற்றிக்கொண்டிருந்த வருடம். பழைய பள்ளியின் பி.டி. சார் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மண்டல வாலிபால் போட்டி, அடிக்கிற பையனுக்கு அம்மை. "ஒரே நாள்டா தம்பி, போய் நின்னுட்டு வா." அவன் பெயரில், அவன் சட்டையில் நான் ஆடினேன். பட்டியலில் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் பச்சை மையில் பளபளவென்று இருந்தன. எதிரணிப் பையன்களில் இருவருக்கு என்னைவிட அடர்த்தியான மீசை, அதனால் ஒரு சமாதானம்.

நடுவர் ஒருவர் சந்தேகப்பட்டு அருகில் வந்து அப்பா பெயர் என்ன என்று கேட்டார். முழித்தேன். பின்னாலிருந்து எங்கள் கேப்டன் "சார், அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றான். நடுவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அரையிறுதியில் தோற்றோம். பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள்.

இதை இத்தனை வருடமும் நகைச்சுவையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அம்மை வந்த பையன் திரும்பி வந்து, தன் பெயரில் தான் ஆடாத ஒரு ஆட்டத்துக்கான சான்றிதழை வாங்கியபோது என்ன நினைத்தான் என்று இந்த வாரம்தான் முதல் தடவை யோசித்தேன். எங்கள் விஷயத்தில் ஒரு பையன் பொய், பள்ளி நிஜம். பச்சை மை உண்மையான மை. அந்தக் கையெழுத்தை நம்பாமல் கேட்டது அந்த நடுவர் ஒருவர்தான், அவரையும் நாங்கள் காது மந்தம் என்று அனுப்பிவிட்டோம்.

12 செப்டம்பர்

காது மந்தம் என்று சொன்ன கேப்டன் இப்போது என்ன செய்கிறான் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வக்கீல்.

14 செப்டம்பர்

"மோசடி என்றால் லாபம் யாருக்கு? பையன்களிடம் பணமே இல்லையே" என்று ஒருவர் வாதாடுகிறார். பாதி சரி. பையன்களிடம் இருந்தது பணம் இல்லை, ஆசை. பள்ளி முடித்தும் எந்தக் கல்லூரியும் கூப்பிடாத பையன், மதிப்பெண் குறைந்ததால் உதவித்தொகை நழுவிய பையன். இன்னொரு வருடம் ஆடினால், ஒரே ஒருமுறை டிவியில் தெரிந்தால், யாராவது பார்த்துக் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை. அணியில் சிலர் ஏற்கனவே பள்ளியை முடித்தவர்கள், இரண்டு வருடக் கல்லூரியில் ஆடிவிட்டு வந்தவர்களும் உண்டு என்று செய்திகள் சொல்கின்றன. அந்த வயதில் பள்ளிச் சட்டை போட்டு நிற்க ஒருவன் சம்மதிக்கிறான் என்றால் அவன் எவ்வளவு தவித்திருக்க வேண்டும்.

டிவியில் தெரிந்தார்கள், அது நிஜம். நாடே பார்த்தது.

முதல் நாள் நானும் சிரித்தேன். ஸ்கோரைப் பார்த்துச் சிரித்தேன் என்று சொல்லலாம், ஆனால் திரையில் இருந்தது ஸ்கோர் மட்டும் இல்லை.

22 டிசம்பர் 2021

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். கல்வித்துறை அறிக்கை வந்துவிட்டது. பாடம் நடத்த இடம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆசிரியர்கள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. குறைந்தபட்ச விதிகளுக்கு உட்பட்ட பாடத்திட்டம் இருந்ததற்கும் இல்லை. முன்பும் மோசடி, இப்போதும் மோசடி என்றே எழுதியிருக்கிறார்கள், அரசு அறிக்கை மொழியில் இவ்வளவு நேராக எழுதிப் பார்த்ததில்லை. இந்த வகைப் பள்ளிகளைக் கண்காணிக்கத் தங்களுக்கு இருக்கும் அதிகாரம் மிகக் குறைவு, சட்டமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

இதில் என் மனம் ஒரே பக்கமாக இல்லை. செப்டம்பரில் கேட்டிருந்தால் அத்தனை பூஜ்யம்-எட்டுப் பள்ளிக்கும் நாளைக்கே இன்ஸ்பெக்டரை அனுப்பு என்றிருப்பேன். இப்போது யோசித்தால், இங்கிருந்து வடகிழக்கே ஒன்றரை மணிநேரம் போனால் குதிரை வண்டியில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும் ஒற்றை அறைப் பள்ளிகள் இருக்கின்றன. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்களுக்காக விட்ட இடைவெளியில் பிஷப் சிகமோர் புகுந்தது. ஆமிஷ் பள்ளி எதுவும் தேசியத் தொலைக்காட்சியில் வந்து ஆட இடம் கேட்காது. அதனால் கேள்வி கேட்க வேண்டிய இடம் கல்வித்துறை வாசல் மட்டும் இல்லை, மைதானத்தின் வாசலும்தான். ஆட்டம் போடுகிறவன், ஒளிபரப்புகிறவன், மைதானம் விடுகிறவன் மூவரில் ஒருவர், தலைமையாசிரியரிடம் பேச வேண்டும், போன் நம்பர் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் போதும். தலைமையாசிரியர் இருந்திருக்க மாட்டார்.

நெல்லைக்காரன் "பிறகு நீங்களே தலைமையாசிரியர் கையெழுத்தோடு போய் ஆடினீர்களே" என்று எழுதுவார். எழுதட்டும்.

27 ஆகஸ்ட் 2023

ஆவணப்படம் வந்திருக்கிறது, எச்பிஓவில். ராய் ஜான்சன் கேமரா முன் உட்கார்ந்து பேசுகிறார், சிரிக்கிறார், சில இடங்களில் ரசிக்கவே செய்கிறார். அவர் பேச்சுக்காக ஒன்றரை மணிநேரம் கொடுக்கலாமா என்று வீட்டில் சண்டை. நான் பாதியில் எழுந்துவிட்டேன், மனைவி முழுக்கப் பார்த்தாள். மறுநாள் காலையில் அவள் சொன்னது ஜான்சனைப் பற்றி இல்லை. தரையில் படுத்ததையும் சரியான சாப்பாடு இல்லாததையும் சொன்ன பையன்களைப் பற்றி. "அதுங்க அம்மாக்கள் போன்ல என்ன கேட்டிருப்பாங்க? சாப்பிட்டியான்னுதானே?" என்றாள். நான் படிவங்களைப் பற்றி இரண்டாயிரம் சொல் எழுதினேன், இது எனக்குத் தோன்றவே இல்லை.

29 ஆகஸ்ட் 2023

இரண்டு வருடம் ஆகிவிட்டது, பையன் பன்னிரண்டாம் வகுப்பு. இப்போது பெஞ்சில் இல்லை, மூன்றாம் கால்பகுதியில் இறக்குகிறார்கள். ஜூலையில் மறுபடி அதே காகிதங்கள். இந்த முறை முணுமுணுக்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் முணுமுணுத்தேன். மருத்துவர் ஒரு பக்கத்தில் தேதி போட மறந்துவிட்டார், பள்ளி திருப்பி அனுப்பியது, மீண்டும் ஒரு மணிநேரம் காத்திருந்தேன்.

வரவேற்பறையில் பக்கத்தில் ஒரு அம்மா, கையில் அதே படிவம். மகனுக்கு வேறு ஊரிலிருந்து மாற்றல், பழைய பள்ளி மதிப்பெண் பட்டியலை இன்னும் அனுப்பவில்லை, மூன்று தடவை போன் செய்துவிட்டேன், எடுக்கிறார்கள், அனுப்புகிறோம் என்கிறார்கள், வரவில்லை என்று அலுத்துக்கொண்டார். எடுக்கிறார்கள் இல்லையா, அதுவே பெரிது என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் நேரமில்லை, உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.